அந்தக் கருமணல் ஏன் துருப்பிடிக்கவில்லை?

பன்னிரண்டு ஆண்டுகள் நான் ஒரு தவற்றை முழு நம்பிக்கையோடு சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறேன். மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை போகும் சாலையில், சற்று உள்ளே தள்ளி இருக்கும் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். கலவைகளைப் பிரிக்கும் பாடம் வரும்போதெல்லாம், மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் ஒரு பாட்டிலில் அள்ளி வைத்திருந்த மணலை வெள்ளைத் தாளில் கொட்டி, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைத் தாளுக்கு அடியில் நகர்த்திக் காட்டுவேன். கறுப்புத் துகள்கள் மயிர்க்கூச்செறிந்தாற்போல எழுந்து நின்று காந்தத்தின் பின்னால் ஊர்ந்து வரும். "மணலும் இரும்பும் கலந்த கலவை இது, காந்தம் இரும்பைத் தனியாப் பிரிச்சுட்டுது" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். ஒருவரும் கேள்வி கேட்டதில்லை. கண்ணால் பார்த்ததற்குப் பிறகு கேட்க என்ன இருக்கிறது என்று நானும் நினைத்திருந்தேன்.

குறும்பனைப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு பையன், வகுப்பில் வாயே திறக்காதவன், ஒரு நாள் எழுந்து நின்றான். "சாரே, எங்க வள்ளத்துல புது ஆணி அடிச்சா ரெண்டு மாசத்துல துருவேறிரும். இந்த இரும்பு கடல்லேயே கெடக்கு. பின்ன ஏன் துருவேறல்ல?"

என்னிடம் பதில் இல்லை. அதைவிட வெட்கமான செய்தி, அந்தக் கேள்வி பன்னிரண்டு ஆண்டுகளில் எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான்.

அவன் கேள்வியின் அமைப்பைப் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நெருப்பில்லாமல் புகையாது என்று சொல்கிறோமே, அதே கணக்குத்தான். இரும்பென்றால் உப்புநீரில் துரு ஏற வேண்டும், இது ஏறவில்லை, ஆகவே இது இரும்பல்ல. நான் செய்திருந்ததோ இதற்கு நேர் எதிரான காரியம். இரும்பைக் காந்தம் இழுக்கும், இதையும் காந்தம் இழுக்கிறது, ஆகவே இது இரும்பு என்று முடிவு கட்டியிருந்தேன். மழை பெய்தால் முற்றம் நனையும் என்பது சரி. முற்றம் நனைந்திருப்பதால் மழைதான் பெய்தது என்று சொல்ல முடியாது, யாராவது தண்ணீர் தெளித்திருக்கலாம். இரண்டு வாதங்களும் பார்ப்பதற்கு ஒன்றுபோலத் தோன்றும். ஒன்று நிற்கும், மற்றது நிற்காது. வேதியியலில் நாம் செய்யும் பெரும்பாலான தவறுகள் இந்த இடத்தில்தான் நடக்கின்றன என்பது என் எண்ணம்.

ஆனால் அவன் வாதமும் முழுதாக அடைபட்டதல்ல. முன்வரிசையில் இருந்த ஒரு பெண், "சார், எவர்சில்வரும் துருப்பிடிக்காதே" என்றாள். நல்ல இடைமறிப்பு. எவர்சில்வரைக் காந்தம் இழுக்காது என்று நான் தப்பிக்கப் பார்த்தேன். மறுநாள் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த தட்டுகளிலும் டம்ளர்களிலும் பாதி ஒட்டவில்லை, சில நன்றாகவே ஒட்டின. ஆக, துருப்பிடிக்காத, ஆனால் காந்தத்துக்கு ஒட்டுகிற எஃகு என்று ஒன்று இருக்கிறது. கருமணல் அதுவாக ஏன் இருக்கக் கூடாது?

இதைத் தீர்க்க அடர்த்திக்குப் போனோம். பழுதான கணினி ஹார்டு டிஸ்க்கிலிருந்து எடுத்த நியோடிமியம் காந்தத்தைக் கொண்டு ஒரு பாடவேளை முழுவதும் கறுப்புத் துகள்களைப் பொறுக்கிச் சேர்த்தோம். 94 கிராம் தேறியது. அளவுச்சாடியில் 50 மில்லிலிட்டர் தண்ணீர் ஊற்றி, துகள்களைக் கொட்டி, குமிழி போகத் தட்டிவிட்டுப் பார்த்தால் நீர்மட்டம் 71-இல் நின்றது. 94-ஐ 21-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4.5. இரும்பின் அடர்த்தி 7.9, எவர்சில்வருக்கும் ஏறத்தாழ அவ்வளவுதான். இது எஃகாக இருந்திருந்தால் தண்ணீர் 62-ஐத் தாண்டியிருக்காது. ஒரு கோட்டுக்கும் இன்னொரு கோட்டுக்கும் இடையில் ஒன்பது மில்லிலிட்டர். அதில் எவர்சில்வர் மூழ்கிப்போனது. கூடவே, லேத் பட்டறையிலிருந்து வாங்கிய இரும்புப் பொடியையும் கருமணலையும் தனித்தனிக் கிண்ணத்தில் உப்புநீர் விட்டு வைத்திருந்தோம். மறுநாள் காலையில் பட்டறைப் பொடி காவி நிறமாகிக் கிடந்தது. மணல் முந்தின நாள் இருந்தபடியே பளபளத்தது.

அதன் பெயர் இல்மனைட். இரும்பு, டைட்டானியம், ஆக்சிஜன் ஆகிய மூன்று தனிமங்களும் 1:1:3 என்ற அணு விகிதத்தில் இணைந்த சேர்மம். அணு நிறைகளை வைத்துக் கணக்கிட்டால் அதன் எடையில் சுமார் 37 விழுக்காடு இரும்புதான். எனவே என் பழைய பாடம் தவறென்பது போலவே, அதில் இரும்பு இல்லை என்பதும் தவறு. இரும்பு இருக்கிறது, இரும்பாக இல்லை. துரு என்பது இரும்பு ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்வது. இந்த இரும்போ எந்தக் காலத்திலேயோ பாறைக் குழம்பில் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகிவிட்டது. காந்தத்தை எவ்வளவு வலுவாக்கினாலும் ஒரு துகளுக்குள் இருக்கும் இரும்பை டைட்டானியத்திடமிருந்து பிய்த்தெடுக்க முடியாது. அதற்குச் சூடான கந்தக அமிலம் வேண்டும். திருவனந்தபுரம் வேளியில் இருக்கும் டைட்டானியம் தொழிற்சாலையில் அதைத்தான் செய்கிறார்கள். உள்ளே போவது கருமணல், வெளியே வருவது டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெள்ளை வெளேர் மாவு. நம் வீட்டுச் சுவரின் வெள்ளைப் பெயின்டில் இருக்கும் வெண்மை பெரும்பாலும் அதுதான். கலவைக்கும் சேர்மத்துக்கும் உள்ள வேறுபாட்டுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. பாடப் புத்தகத்தில் இரும்புத்தூளும் கந்தகப் பொடியும்தான் இன்னும் இருக்கின்றன.

இன்னொன்றையும் அந்தப் பாடவேளையில் கவனித்தோம். ஸ்பீக்கர் காந்தம் கொஞ்சம் துகள்களைத்தான் இழுத்தது. நியோடிமியம் காந்தம் அது விட்டுவைத்த கறுப்பையும் இழுத்தது, கூடவே சிவப்புத் துகள்கள் சிலவும் தயங்கித் தயங்கி வந்தன. கறுப்பெல்லாம் ஒரே பொருளாக இருந்தால் ஒரே காந்தத்துக்கு ஒன்று வருவதும் ஒன்று மறுப்பதும் ஏன்? உடனே ஒட்டியது பெரும்பாலும் மேக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடுக் கனிமம். பிறகு வந்தது இல்மனைட். சிவப்பு, கார்னெட். நிறத்தில் ஒன்றாக இருப்பது பொருளில் ஒன்றாக இருப்பதற்குச் சாட்சியம் ஆகாது. மணவாளக்குறிச்சியில் ஆலை அளவில் நடப்பதும் இதே வேலையின் பெரிய வடிவம்தான். கனத்தைக் கொண்டு வெறும் மணலைக் கழிக்கிறார்கள், காந்த வலுவை மாற்றி மாற்றி இல்மனைட், கார்னெட், மோனசைட் என்று பிரிக்கிறார்கள், காந்தம் தொடாத சிர்கானையும் ரூட்டைலையும் உயர் மின்னழுத்தத்தில் மின்சாரத்தைக் கடத்துவது, கடத்தாதது என்று பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கருவியும் மணலிடம் வேறொரு கேள்வியைக் கேட்கிறது என்று சொல்லலாம்.

டைட்டானியத்தைக் கண்டுபிடித்த கதையும் காந்தத்திலும் கருமணலிலும்தான் தொடங்குகிறது என்று பின்னர் தெரிந்துகொண்டபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் கிரெகோர் என்ற பாதிரியார் 1791-இல் ஓர் ஓடைக் கரையில் கறுப்பு மணலை எடுத்துப் பார்த்தார். காந்தம் இழுத்தது. இரும்பு என்று எழுதிவைத்துவிட்டுப் போகாமல் அமிலத்தில் கரைத்தார். இரும்பு போக மிச்சம் ஒன்று நின்றது. அது அன்றைக்குத் தெரிந்திருந்த எந்தப் பொருளோடும் ஒத்துப்போகவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து க்ளாப்ரோத் என்னும் ஜெர்மானியர் வேறொரு கனிமத்தில் அதே பொருளைக் கண்டு டைட்டானியம் என்று பெயரிட்டார். நான் நின்ற இடத்தில்தான் கிரெகோரும் நின்றார். அவர் மிச்சத்தைப் பார்த்தார், நான் அடுத்த பாடத்துக்குப் போனேன்.

நம் கடற்கரை மணலின் கதை இன்னும் வினோதமானது. திருவிதாங்கூராக இருந்த காலத்தில் இங்கிருந்து கயிறு ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. அந்தக் கயிற்றில் ஒட்டியிருந்த மஞ்சள் கலந்த மணலை 1909-இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மன் வேதியியலர் கவனித்து, அதில் தோரியம் அடங்கிய மோனசைட் இருப்பதைக் கண்டார். வாங்கியவர்களுக்கு அது கயிற்றின் அழுக்கு. அவருக்கோ அது தோரியம். கேஸ் விளக்குகளின் மேன்டில் செய்ய அப்போது தோரியத்துக்குப் பெரும் கிராக்கி இருந்தது. பிரேசிலிலிருந்துதான் மோனசைட் வந்துகொண்டிருந்தது. கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் பெட்ரோமாக்ஸ் பார்த்த தலைமுறைக்கு அந்த வலைப்பை நினைவிருக்கும். முதல் தடவை எரிந்தபின் தொட்டால் பொடியாகிவிடும், தொடாமல் இருந்தால் பல இரவுகள் வெளிச்சம் தரும்.

அந்த மேன்டிலைக் கண்டுபிடித்த ஆஸ்திரியர் ஆவர் ஃபொன் வெல்ஸ்பாக், தோரியம் ஆக்சைடைச் சுத்தப்படுத்தச் சுத்தப்படுத்த வெளிச்சம் கூடுமென்று எதிர்பார்த்தார். குறைந்தது. மேலும் சுத்தம் செய்தார், மேலும் மங்கியது. சுத்தம் செய்ததில் பிழை என்று தேடாமல், வெளியே போய்க்கொண்டிருந்த அழுக்குதான் ஒளி தந்திருக்கிறது என்று அவர் திருப்பி யோசித்தார். அந்த அழுக்கின் பெயர் சீரியம். 99 பங்கு தோரியம் ஆக்சைடும் 1 பங்கு சீரியம் ஆக்சைடும் என்ற விகிதம் அப்படித்தான் பிறந்தது. தோரியத்தின் பெயருக்கே ஒரு பிழையின் வரலாறு உண்டு. ஸ்வீடனின் பெர்ஸிலியஸ் 1815 வாக்கில் ஒரு கனிமத்தில் புதுப் பொருள் கண்டதாக அறிவித்து, தோர் என்னும் தெய்வத்தின் பெயரைச் சூட்டினார். சுமார் பத்தாண்டு கழித்து அது ஏற்கெனவே அறிந்த இட்ரியத்தின் பாஸ்பேட் என்று தாமே கண்டு திரும்பப் பெற்றுக்கொண்டார். 1829-இல் உண்மையிலேயே புதியதொரு தனிமம் அகப்பட்டபோது, சும்மா கிடந்த அந்தப் பெயரை அதற்கு வைத்துவிட்டார். பன்னிரண்டு ஆண்டுத் தவறு எனக்கு மட்டும் உரியதல்ல என்பதற்காகவே இதை வகுப்பில் சொல்வதுண்டு.

இதெல்லாம் மறுபடி நினைவுக்கு வந்ததற்குக் காரணம் என் அக்காள் மகள். கேரளத்துப் பாறசாலையில் இருக்கிறாள், இவளும் ஒன்பதாம் வகுப்பு. சனிக்கிழமைகளில் எல்லை தாண்டி எங்கள் வீட்டுக்கு வருவாள். ஒரு தேர்வுத்தாளில் "ரப்பர் பால் தனிமமா, சேர்மமா, கலவையா?" என்று ஒரு வினா. விடை கலவை என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய சிக்கல் வேறு. "மாமா, கலவைன்னா ரெண்டு பொருள் தெரியணும்லா? இது பாத்தா ஒண்ணாத்தானே இருக்கு?"

வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கரில் எங்களுக்கு ரப்பர் உண்டு. விடியுமுன் நெற்றி விளக்கோடு பால் வெட்ட ஆள் வருவார், ஒன்பது மணிக்குள் சிரட்டைகளிலிருந்து வாளிக்கு வந்துவிடும். அன்றைய வாளியிலிருந்து ஒரு துளியை ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து, அதிலிருந்து ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பள்ளியிலிருந்து அனுமதி பெற்றுக் கொண்டுவந்திருந்த நுண்நோக்கியில் நானூறு மடங்கில் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இது உயிரோட இருக்கா மாமா?" என்றாள்.

ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்குக் கீழும் மேலும் அளவுள்ள உருண்டைகள். எதுவும் சும்மா இருக்காது. இடத்தை விட்டுப் பெரிதாகப் போகாது, ஆனால் நடுங்கிக்கொண்டே இருக்கும். பக்கத்து உருண்டை இடதுபக்கம் துள்ளினால் இது வலதுபக்கம் துள்ளும். கண்ணுக்கு ஒரே வெள்ளையாகத் தெரிந்த பால், தண்ணீரில் மிதக்கும் ரப்பர் உருண்டைகளின் கூட்டம். அதனால்தான் வெள்ளை, உருண்டைகள் வெளிச்சத்தை எல்லாத் திசையிலும் சிதறடிக்கின்றன. இத்தகையதைக் கூழ்மம் என்கிறோம். பிறகு மூடுதகட்டின் ஓரத்தில், ரப்பர் ஷீட் உறைய வைக்க நாங்கள் வைத்திருக்கும் பார்மிக் ஆசிட்டை நீர்க்கச் செய்து ஒரு சொட்டு விட்டேன். ஓரத்திலிருந்து உள்நோக்கி நடுக்கம் அடங்கிக்கொண்டே வந்தது. உருண்டைகள் இரண்டிரண்டாக, பிறகு கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டன. உருண்டைகளின் மேல் போர்த்தியிருக்கும் புரதத்துக்கு எதிர்மின்னூட்டம் இருப்பதால்தான் அவை ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கின்றன. அமிலம் அந்த மின்னூட்டத்தை நீக்கிவிட்டால் விலகி நிற்கக் காரணமில்லை. டிஷ்ஷில் ஊற்றிய பால் சாயங்காலத்துக்குள் பனீர்க் கட்டிபோல் ஆவதன் உட்புறம் அதுதான்.

இது இயற்பியல் மாற்றமா, வேதியியல் மாற்றமா என்று அவள் உடனே கேட்டாள். தேர்வு அவளை அப்படிப் பழக்கியிருக்கிறது. ரப்பர் மூலக்கூறு முன்னும் பின்னும் அதேதான், ஆகவே ஒரு கணக்கில் இயற்பியல். அமிலத்துக்கும் புரதத்துக்கும் இடையில் நடந்ததோ வேதியியல். திரும்பப் பாலாக்க முடியாது என்பதை வைத்து வேதியியல் என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கலாம், ஆனால் உடைந்த முட்டை ஓட்டையும்தான் திரும்ப ஒட்ட முடியாது. இந்த இருவகைப் பிரிவினை சில இடங்களில் உதவும், எல்லா இடத்திலும் ஒரு பெட்டிக்குள் தள்ளச் சொல்லும் வினாக்கள் எனக்குப் பிடிப்பதில்லை.

அந்த நடுக்கத்தைப் பற்றித்தான் அவளிடம் அதிக நேரம் பேசினேன். உருண்டைகளுக்கு உயிர் இல்லை. அவற்றை நாலாபக்கமும் முட்டிக்கொண்டிருப்பவை கண்ணுக்குத் தெரியாத நீர் மூலக்கூறுகள். ஒரு கணம் இந்தப் பக்கம் இரண்டு முட்டு கூடுதலாக விழுந்தால் உருண்டை அந்தப் பக்கம் நகரும். அப்படியானால் எவ்வளவு நேரத்தில் சராசரியாக எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்பதற்கு ஐன்ஸ்டைன் 1905-இல் ஒரு சூத்திரம் தந்தார். அதைச் சோதித்தவர்களில் ஒருவரான பிரான்சின் விக்டர் ஆன்ரி, 1908-இல் எடுத்துக்கொண்ட பொருள் வேறெதுவும் அல்ல, ரப்பர் பால்தான். நுண்நோக்கியோடு திரைப்படக் கருவியை இணைத்து உருண்டைகளின் நடமாட்டத்தைப் படம் பிடித்தார். அளவுகள் சூத்திரத்தோடு ஒத்துவரவில்லை. பாலில் அமிலம் சேர்த்தால் நடமாட்டம் குறைவதையும் கண்டார். சூத்திரத்தில்தான் கோளாறு என்று பலர் எண்ணத் தொடங்கினார்கள்.

ழான் பெரேன் அந்த இடத்தில் வேறு வழியில் போனார். கார்சினியா மரத்தின் மஞ்சள் பிசினைத் தண்ணீரில் தேய்த்து (நாம் மீன் குழம்பில் போடும் குடம்புளியும் அந்தப் பேரினத்து மரம்தான்), வந்த உருண்டைகளைச் சுழற்றிச் சுழற்றி ஒரே அளவுள்ளவற்றை மட்டும் மாதக்கணக்கில் பிரித்தெடுத்து, அவற்றின் நகர்வை அளந்தார். ஒத்துவந்தது. அதோடு நிற்காமல், உருண்டைகள் கீழே அடர்த்தியாகவும் மேலே போகப்போக அருகியும் பரவியிருப்பதை எண்ணி, முற்றிலும் வேறொரு வழியாகவும் அதே எண்ணுக்கு வந்து சேர்ந்தார்: ஒரு மோலில், அதாவது பொருளின் அளவுக்கு வேதியியலர் வைத்திருக்கும் அலகில், எத்தனை மூலக்கூறுகள் என்ற எண். அணு என்பது கணக்குக்கு வசதியான கற்பனை என்று அதுவரை சொல்லிவந்த வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட், 1909-இல் வெளிவந்த தம் பாடநூலின் முன்னுரையில் தம் நிலையை மாற்றிக்கொண்டார். பெரேனுக்கு 1926-இல் நோபல் பரிசு கிடைத்தது. "ரப்பர் பாலைப் பிடிச்சவர் தோத்துட்டாரா?" என்று அவள் வருத்தப்பட்டாள். நம் பக்கத்துப் பொருள் தோற்றது அவளுக்குப் பொறுக்கவில்லை. ஆன்ரி செய்தது தோல்வி என்று எனக்குத் தோன்றவில்லை. ஒத்துவராத அளவை ஒத்துவரவில்லை என்று அச்சிட்டவர் அவர்.

அன்று மாலை என் மனைவி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாள். பேச்சு அந்தக் கருப்பட்டிக்குத் திரும்பியது. இப்பக்கத்தில் பதநீரை அக்கானி என்போம். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கியதை வற்றக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. காய்ச்சும்போதே சீனியைத் தட்டிவிட்டால் அளவு பெருகும், விலையும் கட்டுப்படியாகும். எது அசல் என்று கண்டுபிடிக்கக் கடைக்காரர் ஒவ்வொருவரிடமும் ஒரு சோதனை உண்டு. உடைத்தால் உள்ளே பளபளக்கக் கூடாது என்பார் ஒருவர், தண்ணீரில் மெல்லக் கரைய வேண்டும் என்பார் இன்னொருவர். வேதியியல் ஆசிரியரிடம் ஒரு டெஸ்ட் இருக்க வேண்டுமே என்று எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள்.

எளிய டெஸ்ட் ஏதும் இல்லை. ஏனென்றால் பனையின் இனிப்பும் கரும்பின் இனிப்பும் ஒரே சேர்மம், சுக்ரோஸ். ஒரு மூலக்கூறில் கார்பன் 12, ஹைட்ரஜன் 22, ஆக்சிஜன் 11. எந்த மரத்திலிருந்து வந்தாலும், எந்த ஊரில் காய்ச்சினாலும் இந்த விகிதம் மாறாது. ஒரு சேர்மத்தின் கூட்டு எங்கும் ஒன்றே என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ப்ரூஸ்ட் வாதிட்டபோது, பெர்த்தொலே என்னும் பெரிய மனிதர் பல ஆண்டுகள் மறுத்து எழுதினார். இன்று நாம் ஒரே வரியில் படித்துவிட்டுப் போகிறோம். அந்த விதியின்படி பார்த்தால், சுத்தப்படுத்திய பனைச் சீனிக்கும் கரும்புச் சீனிக்கும் வேறுபாடு காண முடியாது.

இருந்தும் ஒரு வழி உண்டு. கார்பன் அணுக்களில் நூற்றில் ஏறத்தாழ ஒன்று மட்டும் சற்றுக் கனமானது, கார்பன்-13. காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை உள்வாங்கும்போது பெரும்பாலான செடிகள் இந்தக் கனமான அணுவைக் கொஞ்சம் ஒதுக்குகின்றன. பனை, தென்னை, நெல் எல்லாம் அப்படி. கரும்பும் மக்காச்சோளமும் ஒளிச்சேர்க்கையை வேறொரு வழியில் செய்வதால் அவ்வளவு ஒதுக்குவதில்லை. ஒரு லட்சம் கார்பன் அணுக்களை எண்ணினால் கரும்புச் சீனியில் கார்பன்-13 சுமார் 16 அணுக்கள் கூடுதலாக இருக்கும். நிறை நிறமாலைமானி என்னும் கருவி அந்தப் பதினாறைப் பிடித்துவிடும். தேனில் கரும்புப் பாகோ சோளப் பாகோ கலந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனையும் இதுதான். மார்த்தாண்டம் தேனுக்குப் பெயர்போன ஊர், ஆகவே இது எங்களுக்கு வெறும் ஏட்டுச் செய்தியல்ல. அந்தச் சோதனைக்கும் ஒரு ஓட்டை உண்டு. அரிசியிலிருந்து எடுத்த பாகைக் கலந்தால், நெல் பனையின் கட்சி என்பதால், கருவி ஒன்றும் சொல்லாது. அதற்கு வேறு கேள்வி கேட்கும் வேறு கருவி வேண்டும்.

ஆக, சுக்ரோஸ் ஒரே பொருளா? வேதிவினை என்ற கேள்விக்கு ஆம். அணுவின் எடை என்ற கேள்விக்கு இல்லை. தூய்மை என்பதை நாம் ஒரு பொருளில் பார்க்கிற குணம்போலப் பேசுகிறோம், புத்தகமும் அப்படித்தான் பேசுகிறது. உண்மையில் அது, இதுவரை நாம் செய்து பார்த்த பிரிப்புகளில் இது பிரியவில்லை என்ற தீர்ப்பு. மைக்கேல் ஃபாரடே 1826-இல் ரப்பர் பாலைத் தண்ணீர் விட்டு நிறுத்தி, ரப்பர் மேலே ஏடுபோல் எழும்ப, அதை எடுத்து மறுபடி மறுபடி கழுவி, இனி இதிலிருந்து எதுவும் போகாது என்ற நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் பகுத்துப் பார்த்தார். ஐந்து கார்பனுக்கு எட்டு ஹைட்ரஜன் என்ற விடை அப்படி வந்தது. கழுவாமல் பகுத்திருந்தால் ஒவ்வொரு வாளிக்கும் ஒரு விடை வந்திருக்கும்.

பால் வாங்குகிற ஒருவரோடு எங்களுக்கு இருக்கும் பிணக்கும் இதே இனம். ரப்பர் பாலுக்கு விலை அதில் எத்தனை விழுக்காடு காய்ந்த ரப்பர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதை அளக்க மெட்ரோலாக் என்று ஒரு கண்ணாடி மிதவை வைத்திருப்பார்கள். ரப்பர் தண்ணீரைவிட லேசானது, ஆகவே ரப்பர் கூடினால் பாலின் அடர்த்தி குறையும், மிதவை ஆழமாக இறங்கும். கருவி அளப்பது அடர்த்தியை மட்டுமே. ரப்பர் என்பது அதிலிருந்து ஊகிப்பது. பால் கெட்டியாக இருப்பதால் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்து அளந்து, வந்த எண்ணை மூன்றால் பெருக்குகிறார்கள். கண்ணில் ஒரு கோடு பிசகினால் விலையில் மூன்று கோடு பிசகும். அந்த வாரம் எங்கள் பாலுக்கு அவர் போட்டது 31. வெயில் காலம், மழையே இல்லை, இவ்வளவு குறைய வாய்ப்பில்லை என்பது என் அக்காவின் கட்சி. அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். மிதவை பொய் சொல்லியிருக்கலாம்.

நேர்வழி ஒன்றுதான். அக்காள் மகள் அதே வாளியிலிருந்து சரியாக 100 கிராம் பாலை எடுத்துக்கொண்டாள். பள்ளித் தராசு 0.1 கிராம் வரை காட்டும். ஒரு கிண்ணத்தில் ஆசிட் விட்டு உறையவைத்து, மறுநாள் மெஷினில் கொடுத்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குட்டி ஷீட் அடித்து, நன்றாகக் கழுவி, அடுப்புப் புகை படும் பரணில் கம்பியில் மாட்டினாள். அவள் ஊருக்குப் போனபின் தினமும் காலையில் எடை பார்த்துச் சொல்வது என் பொறுப்பு.

முதல் நாள் 58.2. பால்போல வெள்ளையாக இருந்தது. அடுத்த நாள் 47.5, பிறகு 41.9, பிறகு 38.8. ஓரங்கள் தேன் நிறத்தில் கண்ணாடிபோல் தெளிந்துகொண்டு வந்தன, தண்ணீர் நிற்கிற இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. 37.1. 36.4. தொலைபேசியில் ஒவ்வொரு எண்ணையும் எழுதிக்கொண்டாள். 36.4 என்றதும், "31 இல்லல்லா மாமா, நாளைக்கே போய்க் கேக்கலாம்" என்றாள். எடை இறங்குவது நிற்கட்டும், அதுவரை அது ரப்பரின் எடை அல்ல, ரப்பரும் தண்ணீரும் சேர்ந்த எடை என்றேன். காய்ந்து முடிந்தாலும் அதில் கொஞ்சம் புரதமும் பிசினும் இருக்கத்தான் செய்யும், ஆனால் வியாபாரத்தில் அதையும் சேர்த்துத்தான் ரப்பர் என்கிறோம் என்பதையும் சொன்னேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

சனிக்கிழமை வந்ததும் செருப்பைக் கழற்றாமல் பரணுக்குப் போனாள். 36.0. ஷீட்டைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். நடுவில் மிளகளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி இன்னும் இருந்தது. எண்ணை நோட்டில் எழுதிவிட்டு, ஷீட்டைத் திரும்பக் கம்பியில் மாட்டினாள்.